ஒரே உப்பு, இரண்டு ரீடிங்: குறை மூட்டையிலா, அளப்பதிலா?

நீலத்தொட்டி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல கடல்நீர்ப் பவளத் தொட்டி, சம்ப் (கூட இணைச்ச வடிகட்டித் தொட்டி) சேர்த்து 180 லிட்டர் தண்ணீர். எல்.பி.எஸ். (பெரிய பாலிப் உள்ள கல்) பவளங்கள், கூட ரெண்டு மாண்டிபோரா (சிறு பாலிப் பவளம்). வாரம் 20 லிட்டர் மாத்துறேன். கடல்நீர் கலக்கிற உப்புக் கலவை, பழைய வாளி அடிமட்டத்துக்கு வந்துடுச்சு, அதே பிராண்டுல புது மூட்டை பிரிச்சாச்சு. ரெண்டையும் தனித்தனியா கலந்து டெஸ்ட் பண்ணினதுல வந்த எண்கள்:

புது மூட்டை: 20 லிட்டருக்கு 710 கிராம். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளையுறதை வச்சு உப்புத்தன்மை காட்டும் மீட்டர்) 35 பி.பி.டி., அதாவது கிலோவுக்கு 35 கிராம் உப்பு. கே.எச். (காரத்தன்மை, பெரும்பாலும் பைகார்பனேட்) 7.5, கால்சியம் 395, மக்னீசியம் 1200 (ரெண்டும் பி.பி.எம்., லிட்டருக்கு மில்லிகிராம் மாதிரி).

பழைய வாளி: 20 லிட்டருக்கு 725 கிராம். அதே மீட்டரில் 35. கே.எச். 5.9, கால்சியம் 375, மக்னீசியம் 1200.

லேபிள்ல 35 பி.பி.டி.க்குப் போட்டிருக்கிறது: கே.எச். 8.2, கால்சியம் 430, மக்னீசியம் 1300.

டெஸ்ட் கிட் மூணும் சாலிஃபெர்ட் பிராண்டு, தேதி தாண்டலை. ரிஃப்ராக்டோமீட்டர்ல மாசம் ஒரு தடவை ஆர்.ஓ. தண்ணீர் விட்டு பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்கிறேன். கலக்கும்போது தண்ணீர் 26 டிகிரி. பழைய வாளி உப்பு கட்டி தட்டியிருக்கு, கலந்தப்புறம் அடியில வெள்ளையா படலம் நிக்குது.

ரெண்டுமே லேபிளைவிடக் குறைவு. மூட்டையைக் கடையில திருப்பிக் கொடுக்கணுமா? தண்ணீரை ஐ.சி.பி.க்கு (எல்லாத் தனிமத்தையும் அளக்கும் ஆய்வக டெஸ்ட்) அனுப்பணுமா? இல்ல கால்சியம், மக்னீசியம் வாங்கி ஊத்திச் சரிபண்ணிடலாமா?

---

டைட்ரேஷன் எழுதியது:

மூன்றும் இப்போது வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. லேபிள் அளவால் வகுத்துப் பாருங்கள்.

புது மூட்டை: கே.எச். 7.5 ÷ 8.2 = 0.915. கால்சியம் 395 ÷ 430 = 0.919. மக்னீசியம் 1200 ÷ 1300 = 0.923.

மூன்று கிட், மூன்று வெவ்வேறு ரசாயனம், மூன்றிலும் ஏறக்குறைய அதே எட்டு சதவீதக் குறைவு. மூட்டையில் சேர்மானம் தவறியிருந்தால் ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருக்கும். எல்லாம் ஒரே விகிதத்தில் இறங்கினால் தண்ணீரில் உப்பே குறைவு என்று பொருள். உங்கள் மீட்டர் 35 என்று காட்டும்போது உண்மையில் 32 சொச்சம்தான் இருக்கிறது.

எடையும் இதையேதான் சொல்கிறது. 20 லிட்டருக்கு 710 கிராம் என்றால் லிட்டருக்கு 35.5 கிராம். பெரும்பாலான உப்புக் கலவைகளில் 35 பி.பி.டி. வர லிட்டருக்கு 38 முதல் 39 கிராம் போட வேண்டும். கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் என்பது தண்ணீர் ஒட்டாத உப்பின் கணக்கு. மூட்டையில் இருக்கும் மக்னீசியம் குளோரைடோ ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஆறு மூலக்கூறு தண்ணீரைப் படிகத்துக்குள் சுமந்துகொண்டு வருகிறது. அந்தத் தண்ணீரும் தராசில் ஏறுகிறது. 35.5 கிராமில் 35 வந்துவிட்டது என்று மீட்டர் சொன்னால் சந்தேகப்பட வேண்டியது மீட்டரைத்தான்.

இப்படி விகிதம் போட்டுப் பார்ப்பதற்கு உறுதியான அடிப்படை இருக்கிறது. சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் சுற்றிச் சேர்த்த நீர் மாதிரிகளில் 77ஐ வில்லியம் டிட்மார் பகுத்து 1884இல் முடிவுகளை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும் முக்கிய அயனிகள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் மாறவில்லை. உப்புக் கலவைக்கும் இது பொருந்தும்: 33 பி.பி.டி.யில் அளந்த கால்சியத்தை 35ஆல் பெருக்கி 33ஆல் வகுத்தால் 35இல் என்ன இருக்கும் என்று தெரிந்துவிடும். உப்புத்தன்மை சொல்லாமல் கால்சியம் எண்ணை மட்டும் சொல்வதில் பயனே இல்லை. "உப்பு மோசம்" என்று வரும் புகார்களில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க, இயற்கைக் கடல்நீரில் 35 பி.பி.டி.யில்: கே.எச். 6.5 முதல் 7, கால்சியம் 410 முதல் 420, மக்னீசியம் 1280 முதல் 1290, பொட்டாசியம் 390 முதல் 400.

இப்போது பழைய வாளி. அதே மீட்டர், ஆகவே அதே 0.92ஆல் வகுப்போம். கே.எச். 6.4, கால்சியம் 408, மக்னீசியம் 1304. மக்னீசியம் லேபிளோடு ஒத்துப்போகிறது. கே.எச். 1.8 குறைவு, கால்சியம் 22 குறைவு. இங்கே வேறு கதை.

கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து போனால் கே.எச்.சும் கால்சியமும் சேர்ந்தேதான் குறையும், அதுவும் ஒரு கணக்கோடு: கே.எச். 2.8 போனால் கால்சியம் 20 பி.பி.எம். போகும். அதாவது 1 கே.எச்.சுக்கு 7 பி.பி.எம். உங்களுக்கு 1.8 போயிருக்கிறது, 13 பி.பி.எம். கால்சியம் போயிருக்க வேண்டும். நீங்கள் அளந்தது 22. கிட்டின் பிழைக்குள் பொருந்துகிறது. அடியில் நிற்கும் வெள்ளைப் படலம்தான் காணாமல் போன அந்த கே.எச்.

இந்த 2.8க்கு 20 என்ற கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் 60 குறைந்து கே.எச். அப்படியே இருந்தால் அது படிவு இல்லை, டெஸ்ட் தவறு அல்லது கலவைத் தவறு. கே.எச். 3 குறைந்து கால்சியம் அசையாததுபோல் தெரிந்தால் அது படிவாகவே இருக்கலாம், ஏனென்றால் 21 பி.பி.எம். மாற்றத்தைப் பல வீட்டு கிட்டுகள் பார்க்காது.

ஆக, தவறு இரண்டு: மீட்டர் ஒன்று, பழைய வாளியில் புகுந்த ஈரம் ஒன்று. புது மூட்டையின் மேல் குறையே இல்லை.

---

உவர்க்காற்று எழுதியது:

மீட்டரைச் சரிபார்க்கும் முறை. ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைப்பது போதாது. அளவுகோலின் ஒரு முனையை மட்டும் பிடித்துக் கட்டுகிறோம், நமக்கு வேண்டியதோ மறுமுனையில் இருக்கிறது. சாய்வில் சிறு பிழை இருந்தாலும் 35க்கு வரும்போது இரண்டு மூன்று பி.பி.டி. ஆகிவிடும். போதாக்குறைக்கு, கடையில் கிடைக்கும் மலிவு ரிஃப்ராக்டோமீட்டர் பலவும் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்கு அளவு போட்டவை. கடல்நீர் 35 இருந்தால் அவை 36.5 காட்டும்.

வீட்டிலேயே ஒரு கரைசல் செய்யலாம். எடையில் 3.65 சதவீத சோடியம் குளோரைடு கரைசல் ஒளியை வளைக்கும் அளவும் 35 பி.பி.டி. கடல்நீர் வளைக்கும் அளவும் ஒன்றே. 73 கிராம் உப்பு, 1927 கிராம் ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர் (ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. ரெசினில் மிச்ச அயனியையும் நீக்கியது). தண்ணீரையும் எடைபோட வேண்டும், லிட்டர் குவளையில் அளக்கக் கூடாது. இரண்டு கிலோ அளவில் செய்யச் சொல்வது தராசுக்காக: ஒரு கிராம் பிசகும் தராசில் 36.5 கிராம் நிறுத்தால் பிழை கிட்டத்தட்ட 1 பி.பி.டி., 73 கிராம் நிறுத்தால் அதில் பாதி.

பாக்கெட் தூள் உப்பு போதும், அயோடின் சேர்த்ததானாலும் பரவாயில்லை. புதுப் பாக்கெட்டாக, பொலபொலவென்று இருக்க வேண்டும். கல் உப்பு வேண்டாம், அதில் ஈரமும் மக்னீசியமும் உண்டு. இந்துப்பும் வேண்டாம்.

இரண்டு சொட்டு விட்டு, மூடியை மூடி, அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கண்ணாடியும் கரைசலும் ஒரே வெப்பத்துக்கு வரட்டும். பிறகு திருகைத் திருப்பிக் கோட்டை 35இல் நிறுத்துங்கள். எந்த வகை அளவுகோலானாலும் இந்தக் கரைசலுக்கு 35தான். அதன்பின் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வராமல் போகலாம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நமக்குத் தேவை 35க்குப் பக்கத்தில் சரியாக இருப்பது.

கண்டக்டிவிட்டி பேனா (மின்கடத்தலை வைத்து உப்பு அளப்பது) வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: கூட வரும் 12.88 மில்லிசீமன்ஸ் பாக்கெட் கடல்நீருக்கு வெகு தொலைவு. 35 பி.பி.டி. கடல்நீர் 25 டிகிரியில் 53 மில்லிசீமன்ஸ். அந்த அளவுக் கரைசலில்தான் சரிசெய்ய வேண்டும். கண்ணாடி ஹைட்ரோமீட்டர் நல்ல கருவி, ஆனால் அதில் எழுதியிருப்பது ஒப்படர்த்தியா அடர்த்தியா என்று படித்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் 35 பி.பி.டி.க்கு ஒப்படர்த்தி 1.0264, அடர்த்தி 1.0233. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நான்கு பி.பி.டி. தவறும்.

---

நீலத்தொட்டி எழுதியது:

73 கிராம் கணக்குல கரைசல் செஞ்சு பார்த்தேன். மீட்டர் 38 காட்டுது. மூணு தடவை துடைச்சுத் துடைச்சு விட்டுப் பார்த்தாச்சு, 38தான். அப்போ என் 35 எவ்வளவு?

இன்னொண்ணு: பழைய வாளித் தண்ணீரை அடுத்த நாள் காலையில திரும்ப அளந்தேன். வாளியைக் கலக்கிட்டு எடுத்தா கே.எச். 7.2, கலக்காம மேல இருந்து எடுத்தா 5.8. ஒரே வாளித் தண்ணீர்ல இவ்வளவு வித்தியாசம் எப்படி?

---

டைட்ரேஷன் எழுதியது:

35 × 35 ÷ 38 = 32.2. விகிதம் 0.92. மூன்று கிட்டும் சொன்ன அதே எண்.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. கே.எச். டெஸ்ட் என்பது அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பது. கலக்கும்போது வெள்ளைப் படலம் துகளாக மேலே வந்து மாதிரியில் சேர்கிறது. அது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் கரைந்து அமிலத்தைக் குடிக்கிறது, கிட் அதையும் கே.எச்.சாக எண்ணிவிடுகிறது. பவளத்துக்கு அந்தத் துகளால் பயனில்லை. ஆகவே 5.8தான் உண்மை. கலங்கிய தண்ணீரை எப்போதும் அளக்காதீர்கள். தெளியவிட்டு மேலிருந்து எடுங்கள், அவசரமென்றால் காபி வடிதாளில் வடித்துவிட்டு அளங்கள். உப்புப் போட்ட பத்தாவது நிமிடம் அளந்து "கே.எச். சரியாக இருக்கிறது" என்று நம்பி ஏமாறுவது இப்படித்தான்.

என் வழக்கப்படி புது மூட்டைக்கு இரண்டு அளவு: தெளிந்ததும் ஒன்று, 24 மணி நேரம் கழித்து ஒன்று. இரண்டுக்கும் இடையே கே.எச். அரைக்கு மேல் இறங்கியிருந்தால் வாளியில் இன்னும் படிந்துகொண்டிருக்கிறது. வழக்கமான காரணங்கள் இவை. உப்பை முதலில் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது: அடியில் கெட்டியான குழம்பு உண்டாகி, கால்சியமும் கார்பனேட்டும் நெருங்கி உடனே சேர்ந்துவிடும். தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருக்கும்போது உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுவதுதான் முறை. அடுத்தது சூடு. கால்சியம் கார்பனேட் மற்ற உப்புகளுக்கு எதிர்மாறாக, சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். மே மாதம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து 36 டிகிரியில் இறங்கும் தண்ணீரில் கலக்கக் கூடாது, அறை வெப்பத்துக்கு ஆறவிட வேண்டும். ஹீட்டரை உப்புக் குவியலுக்குள் செருகி வைத்தால் அதன் தோலிலேயே வெள்ளை பிடிக்கும். கே.எச். 11, 12 என்று உயர்த்தி விற்கும் உப்புகளை நாள்கணக்கில் பம்ப் ஓடவிட்டு வைத்திருந்தாலும் படியும். அவற்றைக் கலந்த சில மணி நேரத்திலேயே பயன்படுத்திவிட வேண்டும். 7, 8 உள்ளவை பொறுமையாக நிற்கும்.

பி.எச். எண்ணை வைத்து உப்பை எடைபோடாதீர்கள். புதிதாகக் கலந்த தண்ணீரில் அது 8க்குக் கீழேயும் இருக்கலாம், 8.5க்கு மேலேயும் இருக்கலாம், காற்றோடு சமநிலைக்கு வரும்வரை அலையும். ஏ.சி. போட்டுக் கதவு சாத்திய அறையில் கரியமில வாயு கூடி இன்னும் கீழே இழுக்கும். அதனால் கே.எச். மாறாது.

---

சிங்கைப்பாறை எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மூன்று எண்ணை வைத்துக்கொண்டு உப்பு நல்லது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பொட்டாசியம், போரான், ஸ்ட்ரான்சியம், கன உலோகங்கள் எதுவும் இந்தக் கிட்டில் தெரியாது. ஒரு தடவை ஐ.சி.பி. அனுப்பினால் நிம்மதி. ஸ்டிக் பவளம் (கிளைவிட்டு வளரும் சிறு பாலிப் வகை) வளர்ப்பவர்கள் எல்லோரும் அனுப்புகிறார்கள்.

அப்புறம் ஒரு விஷயம், ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் திடப்பொருள் அளவு) எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லையே! இங்கே சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் இருக்கிறது. கார்பன் ஃபில்டர் தேய்ந்துபோனால் அது மெம்பரேனைத் தாண்டி வரும். கார்பன் அதை உடைக்கும்போது மிஞ்சும் அமோனியாவை டி.ஐ. ரெசின்தான் பிடிக்க வேண்டும். ரெசின் தீர்ந்த அன்று, அதுவரை பிடித்து வைத்திருந்த சிலிகேட் முதலானதையும் சேர்த்து வெளியே விடும்.

---

டைட்ரேஷன் எழுதியது:

டி.டி.எஸ். கேள்வி மிகச் சரி, நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஐ.சி.பி. பற்றி: உலோகம் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வரிசை முக்கியம். உப்புத்தன்மை 32.2 உள்ள தண்ணீரை அனுப்பினால் பொட்டாசியம், ஸ்ட்ரான்சியம், போரான் எல்லாம் எட்டு சதவீதம் குறைவாகத் திரும்பி வரும். அறிக்கையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புட்டி வாங்குவோம். மீட்டரைச் சரிசெய்து, 35இல் கலந்து, அதன்பின் அனுப்பினால் பணத்துக்குப் பயன் உண்டு. மேலும் ஐ.சி.பி. தனிமங்களை எண்ணும் கருவி. கே.எச். தனிமம் இல்லை. ஆய்வகம் தனியாக டைட்ரேஷன் செய்து எழுதினால்தான் அறிக்கையில் இருக்கும், அதுவும் மாதிரி தபாலில் கிடந்த நாட்களைக் கடந்து வந்த எண். கே.எச்.சைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அளப்பதே நல்லது.

போரானுக்கு ஒரு குறிப்பு. அது கே.எச். டெஸ்டில் சிறு பங்கு சேர்க்கும். இயற்கை அளவான 4.5 பி.பி.எம்.மில் அந்தப் பங்கு ஏறக்குறைய 0.3 கே.எச். போரான் கூடுதலாகப் போட்ட உப்பில் கே.எச். எண் பெரிதாகத் தெரிந்தாலும், பவளம் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் பைகார்பனேட் அந்த அளவுக்கு இருக்காது.

---

உவர்க்காற்று எழுதியது:

தண்ணீர் பற்றி நம்ம ஊர் நிலவரம். சமையலறை ஆர்.ஓ. ஃபில்டர் தண்ணீரை எடுக்காதீங்க. பலவற்றில் டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். ருசிக்காக வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும். சிலவற்றில் கனிமம் சேர்க்கும் காட்ரிட்ஜ் வேறு. குழாயில் 80, 100 டி.டி.எஸ். வரும். போர் தண்ணீர் என்றால் அந்த 80க்குள் கால்சியமும் பைகார்பனேட்டும்தான் அதிகம். உப்பு போடுமுன்பே கே.எச். ஒன்று, இரண்டு ஏறியிருக்கும், நாம் உப்பைப் பாராட்டிக்கொண்டிருப்போம்.

சுலபமான சோதனை: உப்பு போடாத தண்ணீரிலேயே கே.எச். கிட்டைப் போடுங்கள். முதல் சொட்டிலேயே நிறம் மாற வேண்டும். டி.ஐ.க்குப் பிறகு டி.டி.எஸ். 0 வர வேண்டும், 2 அல்லது 3 வந்தாலே ரெசினை மாற்றுங்கள்.

ஈரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊரில் வாளி மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் சில வாரத்தில் கட்டி தட்டும். அந்த ஈரத்தில் கால்சியமும் பைகார்பனேட்டும் வாளிக்குள்ளேயே சேர்ந்து கரையாத தூளாகிவிடும். உங்கள் பழைய உப்புக்கு 710 போதாமல் 725 கிராம் தேவைப்பட்டதே, அந்தப் பதினைந்து கிராம் பெரும்பாலும் காற்றிலிருந்து வந்த தண்ணீர். மூட்டை பிரித்ததும் ரப்பர் வளையம் உள்ள மூடி வாளிக்கு மாற்றி, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

அதற்கு முன் மூட்டையை உருட்டிக் கலக்குங்கள். லாரியில் குலுங்கி வரும்போது பொடி கீழேயும் பருமன் மேலேயும் பிரிந்துவிடும். மேலாக ஒரு கரண்டி எடுத்து ஒரு லிட்டரில் கலந்து அளந்தால் அது அந்தக் கரண்டியின் கணக்கு. சுத்தமான தார்ப்பாயில் கொட்டிக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பங்கு இரண்டைச் சேர்த்து, மறுபடி நான்காக்கி எடுத்தால் மாதிரி நம்பும்படி இருக்கும். காற்றில் ஈரம் குறைந்த நாளில், சீக்கிரம் முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் 20 லிட்டர் வாளி முழுசாகக் கலந்து அளங்கள், அதுவும் போதும்.

---

நீலத்தொட்டி எழுதியது:

டி.டி.எஸ். 0, கே.எச். முதல் சொட்டிலேயே மாறுது. அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. மீட்டரைச் சரிபண்ணிட்டு புது மூட்டையை 20 லிட்டருக்கு 770 கிராம் போட்டுக் கலந்தேன், இப்போ 35. கே.எச். 8.1, கால்சியம் 430, மக்னீசியம் 1290.

மீதி மூணு சந்தேகம். என் கிட்டையே எப்படி நம்புறது? பழைய வாளியில இன்னும் நாலு கிலோ இருக்கு, தூக்கிப் போடணுமா? தொட்டியும் இத்தனை நாள் 32லதான் இருந்திருக்கு, அதை எப்படி ஏத்துறது?

---

டைட்ரேஷன் எழுதியது:

கே.எச். கிட்டுக்கு வீட்டில் ஆப்ப சோடா இருந்தால் போதும். பேக்கிங் பவுடர் இல்லை, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். சுத்தமான சோடியம் பைகார்பனேட் 30 கிராம் எடுத்து, ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டராக்குங்கள். சூடாக்காதீர்கள். இது 1000 கே.எச். கரைசல். இதில் 10 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் 10 கே.எச். கிட் அதில் 9.7 முதல் 10.3க்குள் காட்டினால் சரி. 9 காட்டினால் தொட்டி அளவையும் அந்த விகிதத்தில் திருத்திக்கொள்ளலாம், கிட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

கால்சியம், மக்னீசியம் கிட்டுகளில் மாதிரி 2 மி.லி.தான். அதில் 0.05 மி.லி. கூடக் குறைந்தால் கால்சியம் 10, மக்னீசியம் 32 பி.பி.எம். பிசகும். மாதிரி எடுக்கும் சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது, நுனியில் தொங்கும் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். டைட்ரேஷன் சிரிஞ்சில் பிஸ்டனுக்குக் கீழே சிறு காற்றிடைவெளி இருப்பது இயல்பு, அதனால் பிழை வராது. ஆரம்பத்திலும் முடிவிலும் பிஸ்டனின் அதே விளிம்பைப் பார்த்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். கால்சியம் கிட்டில் 0.01 மி.லி.க்கு 5 பி.பி.எம்., மக்னீசியத்தில் 15. ஆகவே 1290க்கும் 1305க்கும் வித்தியாசம் ஒரே ஒரு கோடு. அதைத் துரத்த வேண்டாம்.

நிறம் மாறும் இடத்தில் நிதானம் வேண்டும். கால்சியத்தில் இளஞ்சிவப்பு ஊதாவாகும், பிறகுதான் முழு நீலம். ஊதாவில் நிறுத்தினால் குறைவாக வரும். ஒவ்வொரு சொட்டுக்கும் சில விநாடி சுழற்றிப் பாருங்கள். தொட்டியின் நீல விளக்கின் கீழ் நின்று பார்க்கவே கூடாது. வெள்ளைத் தாளை அடியில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஹன்னா கால்சியம் செக்கர் (நிறத்தை அளந்து எண்ணாகக் காட்டும் சிறு கருவி) வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதில் மாதிரி 0.1 மி.லி. 0.01 மி.லி. பிசகினால் பத்து சதவீதம், 40 பி.பி.எம்.முக்கு மேல். நல்ல மைக்ரோ பிப்பெட் கையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். கே.எச். செக்கருக்கு 10 மி.லி. மாதிரி, அது நம்பகமானது. குப்பியில் கைரேகையும் குமிழியும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பழைய உப்பு நான்கு கிலோவைத் தூக்கிப் போட வேண்டாம். கட்டியை உடைத்து, எடையை விட்டுவிட்டு, சரிசெய்த மீட்டரில் 35 வரும்வரை கரையுங்கள். ஓர் இரவு தெளியவிட்டு, அடி வண்டலைக் கலக்காமல் மேல் தண்ணீரை வேறு வாளிக்கு மாற்றுங்கள். கே.எச். 1.8 குறைவு என்றால் 20 லிட்டருக்கு அந்த 1000 கே.எச். கரைசலில் 36 மி.லி. (20 × 1.8 ÷ 1000 லிட்டர்). பம்ப் ஓடும்போது மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். கால்சியம் இருபது குறைவு, அதற்கு எதுவும் செய்ய வேண்டாம். ஒருவேளை செய்தே ஆக வேண்டுமானால், 100 லிட்டரில் 10 பி.பி.எம். உயர்த்த டைஹைட்ரேட் வகைக் கால்சியம் குளோரைடு 3.7 கிராம். சோடாவையும் இதையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் மறுபடி வெள்ளைதான். ஒன்றுக்கும் மற்றதற்கும் அரை மணி இடைவெளி விடுங்கள்.

தொட்டியை ஒரே நாளில் 35க்கு இழுக்காதீர்கள். நாளைக்கு 1 பி.பி.டி.க்குள் இருக்கட்டும். எளிய வழி, ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் சில நாள் உப்புத் தண்ணீரையே ஊற்றுவது. நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 35 பி.பி.டி. தண்ணீர் 3 லிட்டரில் 105 கிராம் உப்பு, 180 லிட்டரில் அது 0.58 பி.பி.டி. ஐந்து நாளில் 32.2இலிருந்து 35ஐத் தொட்டுவிடும். அதே தண்ணீர் நாளைக்கு 0.14 கே.எச்.சும் 7 பி.பி.எம். கால்சியமும் கொண்டுவரும், ஐந்து நாளில் 0.7ம் 36ம். டோசிங் பம்ப் (கே.எச்., கால்சியம் கரைசலைத் தினம் தானாக ஊற்றுவது) ஓடுகிறதென்றால் அந்த ஐந்து நாளும் கே.எச்.சைத் தினம் அளந்து, ஏறினால் டோஸைக் குறையுங்கள். 34.5 வந்ததும் ஆட்டோ டாப்-ஆஃப் (ஆவியானதைத் தானாக நிரப்பும்) வாளியை நன்றாகக் கழுவிவிட்டு ஆர்.ஓ.வுக்குத் திரும்புங்கள், மிச்சம் அரையை வாராந்திர 20 லிட்டர் மாற்றத்திலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

---

உவர்க்காற்று எழுதியது:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். வேறு உப்புக்கு மாறினால் கே.எச். வித்தியாசத்தைத் தண்ணீர் மாற்றும் பங்கால் பெருக்கிப் பார்த்துவிட்டு மாறுங்கள். தொட்டி 8, புது உப்பு 12 என்றால் பத்து சதவீதம் மாற்றும்போது 0.4 ஏறும், தாங்கும். முப்பது சதவீதம் மாற்றினால் 1.2 ஒரே மணி நேரத்தில். மாண்டிபோராவின் ஓரம் வெளுப்பதற்கு அது போதும்.

3.65 கரைசலை இறுக மூடும் புட்டியில் ஊற்றி, செய்த தேதியை எழுதி வையுங்கள். ஆவியானால் அதுவும் பொய் சொல்லும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.